தொடர்கதைத் தீயணைப்புக்காரனும் கயிற்றுக் கடை மாடியும்

மாலை நாலு மணி பத்து நிமிஷத்துக்கு எங்கள் அலுவலகப் பியூன் உள்ளே ஓடி வந்து, "முசே, கயித்துக் கடை பத்திக்கிச்சு!" என்றார். ஐயா என்பதற்கு எங்கள் ஊரில் இன்னமும் பிரெஞ்சு முசேதான். கயிற்றுக் கடைக்கு மேல் மாடியில்தான் பெண்களுக்கான தையல் வகுப்பு. அந்த மாடியில் என் மகள் இருந்தாள்.

அன்றைக்கு நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் ஒரு தொடர்கதையைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. என் மனதில் அவை இரண்டும் இப்போது ஒட்டிக்கொண்டுவிட்டன.

அந்த வருஷம் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்தக் கதைதான். மெட்ராஸிலிருந்து வாரப் பத்திரிகை முன்னதாகவே வந்துவிடும். ஆனால் ஞாயிறு மத்தியானம் சாப்பாடு முடிந்து, கூடத்தில் பாய் விரித்த பிறகுதான் அதைப் பிரிக்கலாம் என்பது வீட்டுச் சட்டம். நான் வாசிப்பேன். மனைவி வெற்றிலை மடித்தபடி கேட்பாள். மகள் ஏதாவது ரவிக்கைக்குக் காஜா எடுத்துக்கொண்டே கேட்பாள். கடற்காற்று ஜன்னல் பலகைகளைத் தட்டிக்கொண்டிருக்கும். புதுத் தாளின் அச்சு மை வாசனை எங்கே வந்தாலும் எனக்கு இன்னமும் அந்தக் கூடம்தான் நினைவுக்கு வருகிறது.

கதாநாயகன் தீயணைப்புப் படையில் வேலை பார்க்கும் வாலிபன். எங்கள் ஊர்ப் பழைய ஆட்கள் பிரெஞ்சில் 'பொம்ப்பியே' என்பார்களே, அந்த வேலை. கதாநாயகி பெரிய பணக்காரரின் பெண். பங்களா தீப்பிடிக்கிறது. அவன் ஜன்னலை உடைத்துப் பாய்ந்து, மயங்கிக் கிடக்கும் அவளை இரண்டு கைகளிலும் ஏந்தி வெளியே வருகிறான். அந்த நிமிஷமே காதல்.

"நில்லுங்கப்பா" என்றாள் மகள். "ஊடே எரியுது. அவ தலையில இருக்கிற மல்லி மட்டும் வாடவே இல்லியா?"

"கதைன்னா அப்டித்தான் இருக்கும். பெரிய ஜட்ஜி இவ. நீங்க படிங்க" என்றாள் மனைவி.

"இல்லம்மா, அந்தாளு ஒரு வாட்டியாவது இருமினானா? சோறு தின்னானா? அவனுக்கு அம்மா, தங்கச்சி யாருமே இல்லியா? நெருப்பு புடிச்சாத்தான் வரான். மத்த நாளெல்லாம் எங்க இருக்கான்?"

"மாப்பிள்ள பாக்க வரப்பவும் இப்டித்தான் கேள்வி கேப்பியா?"

"இத விட நெறைய கேப்பேன்."

நான் கதாநாயகன் பக்கம்தான் பேசுவேன். அப்படி ஒருவன் இருக்கக்கூடும், தைரியசாலிகள் எங்கும் உண்டு என்றெல்லாம் வாதாடுவேன். அவன் மெழுகுப் பொம்மை என்பது எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் ஒரே பெண்ணைப் பெற்றவன் நான். அவள் கடற்கரைக்குப் போனால் அலையை நினைத்துப் பயப்படுவேன். சைக்கிள் கற்றுக்கொள்கிறேன் என்றால் பெரிய வாய்க்காலை நினைத்துப் பயப்படுவேன். நான் இல்லாத இடத்தில் அவளைத் தூக்கிக்கொண்டு வர ஒருவன் உலகத்தில் எங்கோ இருக்கிறான் என்று நம்புவது எனக்கு வேண்டியிருந்தது.

கதையில் யாரையாவது நம்ப முடிகிறதா என்று ஒரு நாள் அவளைக் கேட்டேன்.

"அந்தப் பொண்ணோட அப்பா ஒருத்தர்தான் நெசம். பங்களா வாசல்ல நின்னு துண்டப் பிசைஞ்சுகிட்டு அழறாரே, அவரு. எப்பப் பாத்தாலும் பயந்துகிட்டே இருக்காரு. எங்கியோ பாத்த மொகமா இல்லம்மா?"

மனைவி சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த பாக்கு உருண்டு ஓடியது. நானும் சிரித்தேன். எவ்வளவு நல்ல மத்தியானங்கள் அவை!

அந்த மாலை நான் கடைத் தெருவை அடைந்தபோது கடையின் பின்கட்டு எரிந்துகொண்டிருந்தது. கயிறும் பாயும் அடுக்கிய கிடங்கு. மாடிப்படி அதன் வழியாகத்தான் போகிறது. அதில் ஏற முடியாதபடி புகை. தெருப்பக்கப் பால்கனியில் தையல் டீச்சரும் பெண்களும் நெருக்கியடித்து நின்றார்கள். எல்லோரும் தாவணிக்காரப் பெண்கள். புகையில் என் மகளின் முகம் ஒரு கணம் தெரிந்தது, மறைந்தது.

தீயணைப்பு வண்டி வந்துவிட்டிருந்தது. அதில் வந்த ஆட்களில் மூத்தவர் தொப்பை விழுந்த மனிதர், நரைத்த மீசை. ஏணியைப் பால்கனியில் சாய்த்துவிட்டு ஏறிப்போய், முதலில் நின்ற பெண்ணிடம் கையை நீட்டினார். அவள் அலறிக்கொண்டு பின்னால் போனாள். இன்னொருத்தியிடம் முதுகைக் காட்டி, பிடித்துக்கொள்ளச் சொன்னார். அவளும் அசையவில்லை. அவர் இருமிக்கொண்டே இறங்கினார்.

"ஏம்மா, நீங்களாவது எறங்குங்களேன்!" என்று கீழிருந்து கத்தினார்.

"எப்டிங்க எறங்கும்?" டீச்சரின் குரல் மேலிருந்து வந்தது. "ஊர் ஆம்பளைங்க மொத்தமும் கீழ நின்னு அண்ணாந்து பாக்குது! வயசுப் புள்ளைங்க!"

அப்போதுதான் சுற்றிலும் பார்த்தேன். தெரு நிறைய ஆண்கள். எல்லோருடைய கண்ணும் ஏணியின் மேல் இருந்தது. பாவாடையில் காற்று புகுந்து அடித்துக்கொண்டிருந்தது. நெருப்பை விட இந்தக் கூட்டத்துக்குத்தான் அந்தப் பெண்கள் பயந்தார்கள். வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். எங்களுக்கு அது சிரிப்பில்லை. அப்படித்தான் நாங்கள் அவர்களை வளர்த்திருந்தோம்.

மூத்தவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "யோவ்! அல்லாரும் அந்தாண்ட திரும்புங்கய்யா! ஒருத்தரும் இந்தப் பக்கம் பாக்கக் கூடாது!"

யாரும் திரும்பவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நான் முன்னால் போனேன். "என் பொண்ணு மேல இருக்கா. நான் எப்படிப் பாக்காம இருக்கறது?"

"அப்டின்னா மொதல்ல நீங்கதான் திரும்பணும், முசே" என்றார் அவர். "பொண்ணப் பெத்தவரே திரும்பினா மத்தவனுக்கு நிக்க மூஞ்சி ஏது?"

நான் திரும்பினேன். எதிர்ச் சுவரைப் பார்த்து நின்றேன். என்னைப் பார்த்து எனக்குப் பக்கத்தில் இருந்தவர் திரும்பினார், பிறகு அவருக்குப் பக்கத்தில் இருந்தவர். கொஞ்ச நேரத்தில் அந்தத் தெருவே நெருப்புக்கு முதுகைக் காட்டி நின்றது.

துண்டைப் பிசைந்த அந்தக் கதைத் தகப்பனைக் கூட அப்போது நான் பொறாமையோடு நினைத்தேன். அவனால் பங்களாவைப் பார்க்கவாவது முடிந்தது. எனக்கு முன்னால் சுண்ணாம்பு உரிந்த சுவர் மட்டும். அதில் சிவந்த வெளிச்சமும் என் நிழலும் ஆடின. பின்னால் ஓடுகள் வெடிக்கும் சத்தம். அதனூடே அந்த மனிதரின் குரல் மட்டும் கேட்டது. ஏணியைப் பிடித்திருந்த அவரும் கடைச் சுவரோடு முகத்தை ஒட்டிக்கொண்டுதான் பேசினார் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

"கால வையி தாயி. இன்னொண்ணு. ம், அவ்ளோதான். நீ போ. அடுத்த பொண்ணு."

ஒவ்வொரு பெண்ணுக்கும் அதையே சொன்னார். ஒவ்வொரு முறையும் என் மகளின் குரல் வருமென்று காத்திருந்தேன். வரவில்லை. பிறகு டீச்சரின் குரல் என் முதுகுக்குப் பக்கத்தில், தரையிலிருந்து கேட்டது. "ஒண்ணு இன்னும் மேல இருக்குதுங்க! என்னக்கூட முன்னாடி அனுப்பிட்டு, சின்னதுங்கள எறக்கிட்டுத்தான் வருவேன்னு நிக்குது!"

யாரென்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. நான் திரும்பினால் தெருவே திரும்பும். ஏணியில் கால் வைத்தவள் அங்கேயே நின்றுவிடுவாள். சுவரில் உள்ளங்கைகளை ஊன்றிக் கண்ணை மூடிக்கொண்டேன். ஏதோ பெரிதாகச் சரிந்து விழுந்தது. கூட்டம் "ஐயோ" என்றது. ஒருவரும் திரும்பவில்லை.

இதை யாராவது தொடர்கதையில் எழுதியிருந்தால், நம்பும்படி இல்லை என்று நானே பக்கத்தைப் புரட்டியிருப்பேன். தூக்காத, தொடாத, பார்க்கக்கூடச் செய்யாத ஒரு தீயணைப்புக்காரன். மகள் தீயில் சிக்கி நிற்கும்போது சுவரைப் பார்த்து நிற்கும் ஒரு தகப்பன். இன்றைக்கும் தெருவில் யாராவது வேகமாக ஓடினால், மகள் வீட்டில் இருக்கிறாளா என்று உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.

எவ்வளவு நேரமென்று தெரியாது. என் சட்டைக் கையை யாரோ இழுத்தார்கள். புகை வாசனை. கரகரத்துப்போன குரல், ஆனால் என் மகளின் குரல்.

"நான்தான்ப்பா கடைசி. மேல யாரும் இல்ல. இப்ப எல்லாரும் திரும்பலாம்னு உங்ககிட்ட சொல்லச் சொன்னாரு."