கான்டசா நின்ற இடம்

திருத்தணியில் அரக்கோணம் சாலைப் பக்கம் போய் கார்பரேட்டர் வேலை யார் செய்வார் என்று கேட்டால், சுதாகர் மேஸ்திரியின் ஷெட்டைத்தான் கை காட்டுவார்கள். கம்ப்யூட்டர் வைத்த புது வண்டிகள் பக்கம் மனிதர் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். பழைய வண்டியென்றால் பானெட்டைத் திறந்து, கண்ணை மூடி, இன்ஜின் சத்தத்தை ஒரு நிமிடம் கேட்பார். கேட்டுவிட்டு ஒரு தீர்ப்புச் சொல்வார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. முப்பது வருஷமாக அப்படியே பழகிவிட்டார்.

வேலை முடிந்த எந்த வண்டியும் பொட்டில்லாமல் அந்த ஷெட்டை விட்டுப் போனதில்லை. மலைக்கோயில் சந்தனத்தைக் குழைத்து ஸ்டீயரிங்கிலும் கார்பரேட்டர் மேலும் பெட்ரோல் டாங்க் மூடியிலும் அப்பி, நடுவே குங்குமம் வைப்பார். சாமி சந்தனம். யார் துடைக்கப் போகிறார்கள்?

போன சித்திரையில் கமலா தன் கறுப்புக் கான்டசா காரை அங்கே கொண்டுவந்து நிறுத்தினாள். அவளும் அவள் கணவர் பரந்தாமனும் பள்ளிப்பட்டில் தறி போட்டிருப்பவர்கள், குடியிருப்பு திருத்தணியில். திங்கட்கிழமைதோறும் புடவைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு சென்னைக் கடைகளுக்குப் போவது கமலாதான். வண்டியும் அவள்தான் ஓட்டுவாள். அந்த ஒரு நாள் அவளுக்கு அவ்வளவு பிடிக்கும்.

"வெயில்ல நிறுத்தினா உள்ள ஒரே பெட்ரோல் நாத்தம் மேஸ்திரி. தல வலிக்குது" என்றாள்.

"இதுல ஆவி வெளியதாம்மா போவும். இப்ப வர்ற வண்டிங்கள்ல அத்தப் புடிச்சு வைக்க கரி டப்பா இருக்குது. இந்தக் கிழவிக்கு ஏது?" என்றார் சுதாகர். கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவி, தேய்ந்திருந்த ஊசியை மாற்றி, வழக்கம்போலச் சந்தனம் அப்பி அனுப்பினார். நாற்றம் அடியோடு நின்றது. மேஸ்திரிக்குத் தலைகால் புரியவில்லை. டீக்கடையில் இரண்டு நாள் அதே பேச்சு.

அடுத்த திங்கட்கிழமை கனகம்மாசத்திரத்தில் வண்டி நின்றது. அதற்கடுத்த வாரமும் அங்கேயே நின்றது. இரண்டு முறையும் கார்பரேட்டரைப் பிரித்தார், பூட்டினார், புதிதாகச் சந்தனம் வைத்தார். மூன்றாம் முறையும் நிற்கவே, தனியாக வந்த பரந்தாமனிடம் தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

"சோக்க இழுத்துகினே ஓட்டறாங்க. இன்ஜின் பெட்ரோல்ல முழுகிப் போவுது. வண்டி மேல தப்பு இல்ல."

"டாங்க் மூடியத் தொறந்தா புஸ்ஸுனு சத்தம் வருதாம், அப்புறம் ஓடுதாம். அவ இன்னான்னாவோ சொல்றா மேஸ்திரி."

"பொம்பளைங்க ஆயிரம் சொல்வாங்க."

அவ்வளவுதான். பரந்தாமன் கமலாவிடமிருந்து சாவியை வாங்கி, திலீப் என்கிற டிரைவரிடம் கொடுத்துவிட்டார். கமலா திங்கட்கிழமைகளில் வீட்டிலேயே இருந்தாள்.

திலீப் ஓட்டியபோதும் வண்டி சத்திரத்தில் நின்றது. மேஸ்திரி யோசிக்கக்கூட இல்லை. "பெட்ரோல் சரியில்ல" என்றார். வேறு பெட்ரோல் பங்கில் போட்டுப் பார்த்தார்கள். அப்போதும் நின்றது. இது என்ன கர்மம் என்று, அடுத்த முறை அவரே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

சத்திரம் பஸ் ஸ்டாப்பைத் தாண்டியதும் வண்டி இருமி, திணறி, நின்றது. பெட்ரோல் இருக்கிறதா பார்ப்போமென்று பின்னால் போய் மூடியைத் திருகினார். புஸ்ஸென்று டாங்க் காற்றை உள்ளே இழுத்தது. மூடியைத் திருப்பிப் பார்த்தார். மேற்பக்கம் அவர் அப்பிய சந்தனம் காய்ந்து, கல்லாக இறுகிக் கிடந்தது. அதற்கடியில்தான் குண்டூசி முனையளவு ஓட்டை இருக்க வேண்டும். ஆவி வெளியே போகவும், பெட்ரோல் குறையக் குறையக் காற்று உள்ளே வரவும் இருக்கிற ஒரே வழி. காற்று வராவிட்டால் இன்ஜினுக்குப் பெட்ரோல் போகாது. நாற்றம் நின்றதற்கும் அதுதான் காரணம், வண்டி நின்றதற்கும் அதுதான் காரணம்.

திலீப் பார்க்கவில்லை. நகத்தால் சுரண்டிப் போட்டுவிட்டு, கார்பரேட்டரில் தூசு என்று சொன்னால் தீர்ந்தது. சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தார். ஆனால் வண்டியைத் திருப்பச் சொல்லி, மூடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு பரந்தாமன் வீட்டுக்குப் போனார். மூடி இருந்த இடத்தில் ஒரு துணியைச் சுருட்டிச் செருகியிருந்தார்.

கூடத்தில் கணவன் மனைவி இருவரும் இருந்தார்கள். சுதாகர் உட்காரவில்லை. மூடியை நீட்டி, நடந்ததைச் சொன்னார். "என் தப்புதாம்மா. உங்க மேல பழியப் போட்டுட்டேன்."

கமலா மூடியை வாங்கிப் பார்த்தாள். "நான் ஓட்டி நின்னா என் தப்பு. திலீப் ஓட்டி நின்னா பெட்ரோல் தப்பு. அப்படித்தான மேஸ்திரி?"

சுதாகர் ஆமென்று தலையாட்டினார்.

"மூடியத் தொறந்தா புஸ்ஸுங்குதுன்னு மொத வாரமே சொன்னேன். இவுரு உங்களாண்ட சொல்லலியா?"

பரந்தாமன் சுவரைப் பார்த்தார். அவர் சொல்லவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மேஸ்திரி தப்பித்திருக்கலாம்.

"ஆங், சொன்னாரும்மா. நான்தான் காதுல வாங்கல."

கமலா கணவர் பக்கம் கையை நீட்டினாள். பரந்தாமன் வாசலில் நின்ற திலீப்பிடமிருந்து சாவியை வாங்கி அவள் கையில் வைத்தார்.

திங்கட்கிழமை மேஸ்திரிக்கு வேலை ஓடவில்லை. பத்து மணிக்குள் சத்திரம் தாண்டியிருக்க வேண்டும். பதினொன்று வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பொறுக்க முடியாமல் தானே கமலாவைக் கூப்பிட்டார். எடுத்தது பரந்தாமன்.

"கமலா வண்டி ஓட்டிகினு இருக்கா மேஸ்திரி. திருவள்ளூர் தாண்டிட்டோம். நான் பக்கத்துலதான் உக்காந்துகினு இருக்கேன். எதுனா சொல்லணுமா அவளாண்ட?"

"ஒண்ணுமில்ல. வண்டி எப்படி ஓடுதுன்னு அவங்களக் கேட்டுச் சொல்லுங்க" என்றார் சுதாகர். கேட்டுச் சொல்லும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தார்.