போன் அடிக்காத மத்தியானம்

தோட்டத்தில் வரிசையாய் ஒட்டிக் கட்டிய எங்கள் லயன் வீடுகள் காலை ஏழு மணிக்கெல்லாம் காலியாகிவிடும். அப்பா தேயிலைத் தொழிற்சாலைக்குப் போய்விடுவார். பக்கத்து வீடுகளில் இருக்கும் வங்காளதேசத்துக்காரர்கள் கொழுந்து பறிக்க மலையேறிவிடுவார்கள். எனக்கும் அவர்களுக்கும் சிரிப்பைத் தவிர வேறு பேச்சு கிடையாது. என்னோடு படித்த பெண்கள் ஈப்போ, கோலாலம்பூர் என்று எப்போதோ இறங்கிவிட்டார்கள். அம்மா இறந்த பிறகு அப்பாவைத் தனியே விட மனமில்லாமல், கோலாலம்பூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். பகல் முழுக்க வாய் திறக்காமல் இருந்துவிட்டு மாலையில் அப்பாவிடம் பேசும்போது தொண்டை கரகரக்கும்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனி தன் சர்வர் கணினிகள் சிலவற்றைப் புதிய லினக்ஸ் பதிப்புக்கு மாற்றியது. மத்தியானம் வேலை கூடும் நேரம் பார்த்து அங்கே என் புரோகிராம் செத்து விழும். உடனே போன் அடிக்கும். கோலாலம்பூரில் சர்வர்களைக் கண்காணிக்கும் ஓர் அண்ணன். நேரில் பார்த்ததே இல்லை.

“என்னாம்மா, உன் பிள்ளை மறுபடியும் செத்துப்போச்சுலா.”

“எழுப்பி விடுங்கண்ணே, பாக்குறேன்.”

“எழுப்பிட்டேன். அங்க மழையா? இங்க வெயில் மண்டையப் பொளக்குது. நீ சாப்பிட்டியா இல்லியா?”

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் போனுக்காகக் காத்திருந்தேன். அதற்காகப் பிழையை வளர்த்துக்கொண்டிருக்க என் ரோஷம் விடவில்லை.

என் புரோகிராம் ஓடியது கன்டெய்னருக்குள், அதாவது சர்வருக்குள் ஒரு புரோகிராமுக்குத் தடுத்துக் கொடுத்த அறைக்குள். இவ்வளவு மெமரிதான் உனக்கு என்று லினக்ஸ் ஒரு கோப்பில் எழுதி வைத்திருக்கும், மீறினால் கொன்றுவிடும். புதிய லினக்ஸில் அந்தக் கோப்பின் இடமும் மாறிவிட்டது, பெயரும் மாறிவிட்டது. என் புரோகிராம் பழைய இடத்தில் தேடிப் பார்த்து, கோப்பு இல்லை, ஆகவே தனக்கு எல்லையும் இல்லை என்று முடிவுகட்டி, சர்வர் முழுவதையும் தன்னுடையதாக நினைத்துக்கொண்டது. ஒரு வீட்டைக் கொடுத்தால் லயன் முழுக்கத் துணி காயப்போடுகிற கதைதான்.

ஓடுவது பழைய லினக்ஸிலா புதியதிலா என்று முதலில் பார்த்துவிட்டு, அதற்குரிய கோப்பைப் படிக்கும்படி மாற்றினேன். புதிய கோப்பில் ‘மேக்ஸ்’ என்றிருந்தது. எல்லையே இல்லை என்று அர்த்தம். மறுநாளும் செத்தது. எனக்குத் தலை வெடித்தது. கடைசியில் பார்த்தால், எல்லையை எழுதியிருந்தது ஒரு படி மேலே, பல கன்டெய்னர்களைச் சேர்த்துக் கட்டிய குழுவின் கோப்பில். தன் கோப்பை மட்டும் பார்த்தால் போதாது. படிப்படியாக மேலே ஏறி, இருப்பதிலேயே குறைந்த அளவை எடுக்க வேண்டும். “ஆ, மாட்டிக்கிட்டியா!” என்று கத்தியேவிட்டேன். கேட்க ஆளில்லை. திருத்தி அனுப்பினேன்.

அடுத்த மத்தியானம் திரையில் மெமரிக் கோடு ஏறியது, எல்லைக்குக் கீழேயே நின்றது. தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டது. போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். அது அடிக்கவில்லை. நானே கூப்பிட்டேன்.

“என்னாம்மா, செத்துப்போச்சா?” அண்ணன் பதறிப்போனார்.

“இல்லண்ணே, நல்லாத்தான் இருக்கு.”

“அப்புறம் என்னாம்மா?”

“அங்க மழையாண்ணே?” என்று கேட்டேன்.

“இல்லம்மா, வெயிலுதான்.” அவருக்குப் பின்னால் அலாரம் அடித்தது. “வேற யாரோடதோ செத்துருச்சு, அந்தப் பையனக் கூப்பிடணும். வச்சிரட்டாம்மா?”

சரிண்ணே என்றேன். அன்றைக்கு அவர் சாப்பிட்டியா என்று கேட்கவில்லை. நான் சாப்பிட்டிருக்கவில்லை.