ஒரு நிமிஷ ஊமைப்படமும் ஒன்றரை ஷிப்டும்

ஊமைப்படம் காட்டிப் பிழைக்கிற தொழிலில் படம் ஒன்றுதான் வாயை மூடிக்கொண்டிருக்கும். மற்ற எல்லாரும் நம் தலைமேல் ஏறி நின்று பேசுவார்கள். புரொஜக்டரைத் தோளில் சுமந்து திரிந்த சக பாவிகளே, கல்யாண வீடியோ எடுத்தே கண் கெட்டவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியாது.

எண்பதுகளில் திருப்பூரில் பதினாறு எம்.எம். புரொஜக்டர் ஒன்றை வைத்துக்கொண்டு கோயில் நோம்பி, பள்ளிக்கூட விழா, கம்பெனி ஆயுத பூஜை என்று கூப்பிட்ட இடத்துக்குப் போய்ப் படம் காட்டினேன். கோயமுத்தூரில் கடையைக் காலி செய்த ஒருவர், போகிற போக்கில் என்னிடம் ஒரு தகர டின்னைத் தள்ளிவிட்டுப் போனார். உள்ளே, சினிமா பிறந்த புதிதில் எடுத்த குட்டி ஊமைப்படங்கள், ஒன்றோடொன்று ஒட்டி ஒரே ரீலாக. ஒவ்வொன்றும் ஒரு நிமிஷம், மிஞ்சினால் இரண்டு. குதிரை வண்டி போகிறது. பெண்கள் துணி துவைக்கிறார்கள். ஆலை விட்டு ஆட்கள் வெளியே வருகிறார்கள். கதை அவ்வளவுதான். வீட்டுச் சுவரில் போட்டுப் பார்த்த அன்று நான் எழுந்து நின்றுவிட்டேன். எப்போதோ செத்துப் போன மனிதர்கள் என் சுவரில் மூக்கைச் சொறிந்துகொண்டு நடந்து போகிறார்கள்! இதை ஒரு தடவையாவது, யாரும் கை வைக்காமல், முதலிலிருந்து கடைசி வரை ஜனங்களுக்குக் காட்டிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். விட்டார்களா?

கம்பத்தில் கட்டிய குழாய்

வேலம்பாளையத்தில் மாரியம்மன் நோம்பி. சாமி சினிமா தொடங்குவதற்கு முன்னால் என் டின்னிலிருந்த ரீலைப் போட்டேன். குதிரை வண்டி பாதித் தெரு தாண்டியிருக்காது, "சவுண்டு! சவுண்டு!" என்று விசில் பறந்தது. சவுண்டு செட் ஜாபர் பாய் என் கூட்டாளி, பரம சாது. அவர் மேல் ஒரு செருப்பு வந்து விழுந்தது. நான் மைக்கைப் பிடித்து, "இது சினிமாவுக்குச் சத்தம் வருவதற்கு முன்னால் எடுத்த படம்" என்று விளக்கினேன். "அப்பச் சத்தம் வந்தப்பறம் போடு!" என்று இருட்டிலிருந்து பதில் வந்தது.

விழாக் கமிட்டிக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். ஒரு கரகாட்ட கேசட்டை ஜாபர் பாய் கையில் திணித்தார். குதிரை கரகத்துக்கு ஓடியது, துவைக்கிற பெண்கள் கரகத்துக்குத் துவைத்தார்கள். எனக்கு நெற்றிப்பொட்டு தெறித்தது. ஏனய்யா இப்படி என்று கேட்டதற்கு அவர் சொன்னார்: "படம் ஊமையா இருந்துட்டுப் போகட்டுங்க, அதுக்காகக் கம்பத்துல கட்டுன குழாயும் சும்மா இருக்கோணுமுங்களா?"

வாளி

அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழா. என் ரீலில் பிள்ளைகளுக்கென்றே ஒன்று இருந்தது. ஒருவன் ஏணிமேல் நின்று சுவருக்கு வெள்ளையடிக்கிறான். கீழே ஒரு தொப்பிக்காரர் பேப்பர் படிக்கிறார். வாளி ஆடுகிறது, ஆடுகிறது, கவிழ்கிறது. பெரிய மனிதர் பொங்கல் பானை மாதிரி வழிந்து நிற்பார்.

அன்றைக்குப் பிள்ளைகள் வாளியைப் பார்த்ததுமே விஷயத்தைப் புரிந்துகொண்டு மூச்சைப் பிடித்துக் காத்திருந்தார்கள். சரியாக வாளி கவிழ்கிற நேரத்தில் தலைமையாசிரியர் லென்சுக்கு முன்னால் கையை வைத்துவிட்டார். திரை முழுக்க ஐந்து விரல்! முன்வரிசையில் ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் உட்கார்ந்திருந்தாராம், பார்த்தால் அவர் மனசு புண்படுமாம். நிமிஷப் படத்தில் அந்த ஒரு நொடிக்காகத்தானே மற்ற நொடிகள் எல்லாம் ஓடுகின்றன? அத்தனை பிள்ளைகளின் சிரிப்பையும் ஒற்றைக் கையால் அமுக்கிவிட்டு, மனுஷர் எனக்கு யோசனையும் சொன்னார்: "வாளி ஆடற வரைக்கும் தாராளமா காட்டுங்க சார், கவுந்ததை மட்டும் வேண்டாங்க."

வேகம்

பின்னால் ஒரு பனியன் கம்பெனி ஆயுத பூஜை. மெஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்து மாலை போட்டிருந்தது. திரை கொண்டுவர வேண்டாம், எங்களிடம் இல்லாத வெள்ளைத் துணியா என்றார்கள். பனியன் துணியையே நான்கு மூலையும் இழுத்துக் கட்டியிருந்தார்கள். அது இழுத்த இழுப்புக்கு வருகிற துணி. மேலிருந்து தளர்ந்து தொங்க, திரையில் வந்த ஒவ்வொருவருக்கும் தொப்பை.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். புரொஜக்டரில் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. ஊமைப்படத்துக்கு மெதுவான ஓட்டம், பேசும் படத்துக்கு வேகமான ஓட்டம். மாற்றிப் போட்டால் ஆட்கள் சேலையில் தீப்பிடித்த மாதிரி ஓடுவார்கள். அன்றைக்கு ஜாபர் பாய் கை பட்டு அது வேகத்தில் கிடந்திருக்கிறது. துணி துவைக்கிற பெண்கள் மின்னலாய்த் துவைத்தார்கள். நான் பதறி எழுந்து சுவிட்சை மாற்றியதும் அவர்கள் மனுஷிகளானார்கள். நாற்காலியில் இருந்த முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. "ஏனுங்க, எதுக்கு மெதுவாக்குனீங்க? பழையபடியே ஓட்டுங்க" என்றார். இது மெஷின் கோளாறு, நிஜத்தில் யாரும் அப்படி வேலை செய்ய முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. தரையில் உட்கார்ந்திருந்த தன் ஆட்கள் பக்கம் திரும்பினார்: "நல்லாப் பார்த்துக்குங்க, அந்தக் காலத்துலயே வெள்ளைக்காரப் பொம்பளைங்க எப்படிக் கை வீசி வேலை செஞ்சிருக்காங்க!"

ஆலை வாசல்

அடுத்து வந்தது ஆலை வாசல். பெரிய கதவு திறக்கிறது. பாவாடை புரள பெண்கள், சைக்கிளோடு ஆண்கள், பின்னால் ஒரு நாய். நிழல் நீளமாக விழுகிற வெயில். பேசிக்கொண்டும் தள்ளிக்கொண்டும் இரண்டு பக்கமும் பிரிந்து போய்விடுகிறார்கள். வாசல் காலியாகிறது, படம் முடிகிறது. நான் பிடிவாதமாக மெதுவான ஓட்டத்திலேயே விட்டேன்.

அந்தக் கூடத்தில் ஒரு சத்தம் இல்லை. நான் எத்தனையோ ஊரில் கேட்டுக் கிடைக்காத மௌனம் அது. உங்களுக்குத் தெரியாததில்லை, நம் ஊரில் ஒன்றரை ஷிப்ட்தான், பன்னிரண்டு மணி நேரந்தான், ஒரு ஷிப்ட். காலையில் உள்ளே போனவர்கள் வெளியே வரும்போது தெருவிளக்கு எரியும். முன்னால் உட்கார்ந்திருந்தவர் பழனியம்மா, செக்கிங்கில் வேலை, சேவூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். யாரிடம் கேட்கிறோம் என்றுகூடப் பார்க்காமல் திரையைப் பார்த்தபடி கேட்டார்: "ஏனுங்க, இவங்களை எல்லாம் வெளிச்சம் இருக்கறப்பவே ஊட்டுக்கு உட்டுருவாங்களா? எம்புள்ள முழிச்சிருக்கையில நான் ஊடு போய்ச் சேர்ந்ததே இல்லீங்களே!"

கத்தரி

முதலாளி எழுந்து நின்றார். அவர் நிழல் திரை முழுக்க விழுந்தது. "ஆரு சொல்லி இந்தப் படத்தை இங்க கொண்டாந்தீங்க?" என்று என்னைக் கேட்டார். கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு முன்னால் எவனோ தன் ஆலை வாசலை எடுத்த படம், சங்கமும் இல்லை சதியும் இல்லை என்றேன். அந்தத் துண்டை வெட்டி எடுக்கவில்லை என்றால் டின்னோடு அடுப்பில் போடுவேன் என்றார். மேனேஜர் ரீலைப் பிடித்துக்கொள்ள, என்னை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். துணி வெட்டுகிற கட்டிங் மாஸ்டரைக் கூப்பிட்டார்கள். அவர் பூஜைக்கு வைத்திருந்த கத்தரியை, சந்தனப் பொட்டோடு எடுத்து வந்தார்.

எனக்கு இன்றைக்கும் உடம்பு கொதிக்கிறது. அந்த ஆலை ஆட்கள் செத்தும் சாகாமல் இத்தனை காலம் நடந்து வந்தது, இந்தக் கூடத்தில் துண்டாகி விழத்தானா? மாஸ்டர் பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மரியாதையாக என் பக்கம் குனிந்து கேட்டார்: "தையலுக்குக் கொஞ்சம் உட்டு வெட்டட்டுங்களா சார்?"

பின்கேட்

தொண்ணூறுகளில் புரொஜக்டரைக் கேட்பாரில்லை. நானும் வீடியோ கேமராவுக்கு மாறிவிட்டேன். ஒருநாள் அதே முதலாளி ஆளனுப்பினார். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் வருகிறார், அவருக்குக் காட்ட, ஆட்கள் பொழுதோடு வீட்டுக்குப் போவதை கேசட்டில் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒன்றரை ஷிப்டை விட்டொழித்தார் போலிருக்கிறது என்று நம்பிப் போனேன். வெயில் இருக்கும்போதே கேட் திறந்தது. சாப்பாட்டுத் தூக்குப்போசியோடு பெண்கள் வந்தார்கள். நிழல் நீளமாக விழுந்தது. வெட்டிப் போன என் படமே உயிரோடு வந்த மாதிரி இருந்தது, சந்தோஷமாக எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு கிளிப்பச்சைச் சேலை இரண்டாம் முறை வெளியே வந்தது. கேமராவை இறக்கிப் பார்த்தேன். முன்கேட்டில் வெளியே வந்தவர்களைச் சந்து வழியாக ஓட்டி, பின்கேட்டில் உள்ளே அடைத்துக்கொண்டிருந்தார் சூப்பர்வைசர். கூட்டம் அதிகமாகத் தெரிய ஒரு சுற்று, அப்புறம் மெஷினுக்கு.

கேசட்டை உருவி என் பைக்குள் போட்டுக்கொண்டேன். அயோக்கியத்தனத்துக்கு நான் விளக்குப் பிடிக்க முடியாது என்று மேனேஜர் முகத்துக்கு நேரே கத்தினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்தார். பழனியம்மா சந்துப் பக்கம் திரும்பாமல் பஸ் நிற்கிற ரோட்டைப் பார்த்து நேராகப் போய்க்கொண்டிருந்தார். மேனேஜர் ஓடினார், "பின்கேட் இந்தப் பக்கம்! இப்பத் திரும்பலீன்னா நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம்!" என்று கூவினார். அந்தம்மா நடையை நிறுத்தாமல் சொன்னார்: "அன்னிக்கு ஆயுத பூஜையில போட்ட படத்துல வெளிய போனவங்க ஆரும் திரும்பி வரலீங்களே!"

படம் சரியில்லை என்று எத்தனையோ பேரை எழுந்து போக வைத்திருக்கிறேன். படம் சரியாக இருந்ததால் எழுந்து போனவர், என் தொழிலில், அந்த ஒருத்தர்தான்.