சீப்புப் படம் போட்ட பால் டின்

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறவள் நான். இப்போது நீ சிரிக்கிறாயே, அப்படித்தான். சிரித்துக்கொண்டே கேள், ஆனால் கையில் இருக்கிற கோப்பியை முதலில் குடித்து முடித்துவிடு.

சுதந்திரம் கிடைத்து மெர்டேக்கா கொடி ஏறிய வருஷம் அது. சிங்கப்பூரில் டாக்டருக்குப் படிக்கிற சரோஜா என்ற பெண் எங்கள் ஊர் காஜா பேராங்கில் வந்து தங்கினாள். படிப்பு முடிவதற்குள் ஒரு மாதம் வீடு வீடாகப் போய் வேலை பழக வேண்டுமாம். என்ன வேலை தெரியுமா, பிள்ளைகளின் மலத்தை வாங்கி அதில் பூச்சி இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. வீடு காட்ட என்னைக் கூட்டிக்கொண்டாள். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டு போனேன்.

கோப்பிக் கடையில் கயிறு கட்டிக் கோப்பி ஊற்றித் தருவார்களே, அதே காலிப் பால் டின்தான் மலம் வாங்க. முதல் நாள் கொடுப்போம், மறுநாள் காலையில் வாங்குவோம். எனக்கு எழுத்து தெரியாது, அதனால் கரியால் படம் போட்டுவிடுவேன். கோழி வளர்க்கிற வீட்டுக்குக் கோழி, தையல்காரர் வீட்டுக்குக் கத்தரிக்கோல். ஒரு வீட்டில் விஷயம் புரியாமல் டின்னைத் துலக்கி, வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்று சீனி போட்டுக் கொடுத்துவிட்டார்கள், சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்துவிட்டது. மற்ற டின்களைப் பற்றிக் கேட்காதே. வெயிலில் ஈ மொய்க்கும், திறந்தால் நெளியும். ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் அதிகம் போகாத கடைசிச் சந்தில் மீனம்மாள் என்று ஒருத்தி டின்னைப் பார்த்ததும் வாசலை மறித்து நின்றாள்.

"எம்புள்ள பீய ஊரு பாக்கணுமா? போங்கடி அந்தப் பக்கம்."

"பூச்சி இருந்தா மருந்து தருவோம்க்கா," என்றாள் சரோஜா.

"அவனுக்கு ஒண்ணும் இல்ல. இதுக்குத்தான் ஒங்கம்மா ஒன்னப் படிக்க வச்சாளா?"

திரும்பினோம். பக்கத்து வீட்டுப் படியில் ஒரு பெண் தலை வாரிக்கொண்டிருந்தாள். "அவ குடுக்கமாட்டா. எங்கிட்ட குடு, நான் தரேன்," என்று கையை நீட்டினாள். சீப்புப் படம் போட்டுக் கொடுத்தேன். நம்பினால் நம்பு, பட்டப்பகல்.

மறுநாள் அந்த டின் அதே படியில் இருந்தது, வாயில் வாழையிலை கட்டி. எடுத்தால் கை சுட்டது. சரோஜா இலையைப் பிரித்தாள். உள்ளே மலமே இல்லை. வெள்ளை வெள்ளையாகப் பூச்சிகள், இடியப்பம் பிழிந்ததுபோல ஒன்றோடொன்று சுற்றிக்கொண்டு, உயிரோடு.

"அக்கா, இந்தப் புள்ளைக்குக் குடலே அடச்சிருக்கும். இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகலன்னா செத்துரும்."

ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன், அப்புறம்தான் பார்த்தேன். துருப்பிடித்த பூட்டு, அதன்மேல் கலையாத சிலந்தி வலை.

சத்தம் கேட்டு மீனம்மாள் வந்தாள். "யாரத் தட்டுற? ஜப்பான்காரன் காலத்துல தாயும் புள்ளையும் செத்த வீடு அது. அந்தப் புள்ளைக்கு வாய் வழியா பூச்சி வந்துச்சு." சொல்லும்போதே தன் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தாள். அவள் வீட்டுக்குள் யாரோ முனகினார்கள்.

சரோஜா அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். பாயில் மீனம்மாளுடைய ஐந்து வயதுப் பையன், வயிறு பானைபோல உப்பி, தலைமாட்டில் கிடந்த வாந்தியில் ஒரு பூச்சி நெளிந்தது.

"நேத்தே ஏன்க்கா சொல்லல?"

"ஊரு சிரிக்குமேன்னு..." என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ரிக்‌ஷாவில் போட்டுக்கொண்டு ஓடினோம். சாயந்திரம்வரை விட்டிருந்தால் போயிருப்பான் என்றார்கள். பிழைத்துக்கொண்டான், இப்போது பேரன் எடுத்துவிட்டான்.

அந்த டின்னைச் சாம்பல் போட்டு மூன்று தரம் துலக்கினேன், படமெல்லாம் போயிற்று. இருந்தாலும் வீட்டில் வைக்க அருவருப்பாக இருந்தது. அந்தப் பூட்டின வீட்டுப் படியிலேயே கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் சந்தையிலிருந்து திரும்பினால் என் வீட்டுக்காரர் கோப்பி குடித்துக்கொண்டிருக்கிறார். "யாரு குடுத்த சீனி? வாசல்ல வச்சிருந்துச்சு. ஒனக்கும் கலந்து வச்சிருக்கேன்."

அடுப்படியில் அந்த டின். விளிம்புவரை சீனி. துலக்கி அழித்த சீப்புப் படம் இப்போதுதான் கரியால் போட்டதுபோல இருந்தது. தொட்டுப் பார்த்தேன், சூடு.

அவரிடம் என்னவென்று சொல்வேன். "குடி, ஆறிடும்," என்று பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணை மூடி ஒரு வாய் குடித்தேன்.

அன்றையிலிருந்து நான் சீனி தொட்டதில்லை. ஒரு வாய் குடித்ததுகூடப் பெரிதில்லை. அவர் எழுந்து போன பிறகு, யாரும் பார்க்காதபோது, மிச்சத்தையும் குடித்தேன். அவ்வளவு ருசி.