கருப்பட்டிப் பக்கம், கொக்கோப் பக்கம்

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு பக்கத்து வீட்டு ரிஸ்மியா ஒரு தாளோடு வந்தாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த தமிழ் டீச்சர். எட்டாம் வகுப்புக்கான பயிற்சித்தாளாம், பழைய டீச்சரான நான் ஒருமுறை பார்த்துத் தர வேண்டுமாம். சிரித்த முகம் ஒன்று, அழுத முகம் ஒன்று. எந்தச் சொல்லை எந்த முகத்தின் கீழ் எழுதுவது என்று பிள்ளைகள் முடிவு செய்ய வேண்டும். சிரித்த முகத்தின் கீழே உதாரணத்துக்கு ஒரு சொல்லைத் தாள் தயாரித்தவர்களே அச்சடித்திருந்தார்கள்: தாயகம்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று ஊருக்கே தெரியும். "இவளக் கட்டப்போறவன் பாவம்" என்று வாப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். (அந்தப் பாவப்பட்டவர் நாற்பது வருஷம் தாக்குப்பிடித்தார், அது வேறு கதை.) நேற்று வந்தது அந்தக் கோபம் இல்லை. தாளைப் பார்த்ததும் கொக்கோ புளித்த வாசனை மூக்கில் ஏறியது.

கொக்கோ என்றால் நீங்கள் டின்னில் வரும் தூளை நினைப்பீர்கள். அது இல்லை. பழத்தை உடைத்து, விதையைச் சதையோடு குவித்து, வாழை இலையால் மூடி வைத்தால் நாலைந்து நாளில் காடி மாதிரி ஒரு நெடி கிளம்பும். மாத்தளையைச் சுற்றிய தோட்டங்களில் அப்போது கொக்கோ நிறைய. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து என் வகுப்புக்கு வந்த பிள்ளைகளின் சட்டையை விட்டு அந்த நெடி போகவே போகாது. டவுன் பிள்ளைகள் மூக்கைப் பிடிப்பார்கள், நான் பிரம்பை எடுப்பேன்.

அந்தக் கொக்கோவை வைத்துத்தான் சொல் பாடம் நடத்தினேன். மேசையில் ஒரு பக்கம் கித்துள் கருப்பட்டி, மறு பக்கம் காய்ந்த கொக்கோ விதை. அந்த விதையைக் கடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வேப்பங்கொட்டை தோற்றுவிடும். துண்டுக் கடதாசியில் உள்ள சொல்லைப் பிள்ளை வாய்விட்டு வாசிக்க வேண்டும். நெஞ்சுக்கு இனித்தால் கருப்பட்டிப் பக்கம், கசந்தால் கொக்கோப் பக்கம். "உழைப்பாளி" இனிப்புக்குப் போகும், "கூலிக்காரன்" கசப்புக்கு வரும். இரண்டும் ஒன்றுதானே என்று யாராவது கேட்டால், "ஒங்கப்பாவ அப்பிடிக் கூப்புட்டுப் பாரு" என்று தோட்டத்துப் பிள்ளைகள் உட்காரும் பின்வரிசையே பதில் சொல்லிவிடும். பாடம் முடிந்ததும் கருப்பட்டியை உடைத்துப் பங்கு போடுவோம். இப்படியொரு பாடத்தைக் கண்டுபிடித்ததில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

இன்ஸ்பெக்டர் வந்த அன்றும் இதே பாடம். என் வேலை நிரந்தரமாவது அந்த மனுஷர் எழுதப்போகும் நாலு வரியில் இருந்தது. பாக்கியத்தின் முறை வந்தது. தோட்டத்துப் பிள்ளை, அவள் லயத்திலிருந்து எட்டாம் வகுப்பு வரை வந்த முதல் பெண். கைக்கு வந்த துண்டை வாசித்தாள்: "தாயகம்." நேராகக் கொண்டுபோய்க் கொக்கோ விதைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

வகுப்பு சிரித்தது. "ஏன் பாக்கியம்?" என்றேன்.

"எங்களுக்கு வந்த கடுதாசில இந்தச் சொல்லுதான் டீச்சர் இருக்கு. தாயகம் திரும்பணுமாம், இந்தியாவுக்கு. அப்பா பொறந்ததே இங்கதான். அம்மா மூணு நாளா அடுப்பே பத்த வைக்கல."

இந்தியா, இலங்கை என்று இரண்டு நாட்டுப் பெரிய மனிதர்கள் உட்கார்ந்து, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று தோட்டத்து ஆட்களைப் பிரித்துக்கொண்ட காலம் அது. கருப்பட்டியைக்கூட நாங்கள் பிள்ளைகளைக் கேட்டுத்தான் பங்கு போட்டோம்!

பாக்கியம் சொன்னதைவிடச் சரியான விடையை என் சர்வீசில் நான் கேட்டதில்லை. இன்ஸ்பெக்டர் வழிகாட்டிப் புத்தகத்தைப் புரட்டினார். "இது நல்ல சொல்லாச்சே டீச்சர். மாத்தி வைக்கச் சொல்லுங்க."

நான் என்ன செய்தேன்? பிரம்பெடுத்து டவுன் பிள்ளைகளை விரட்டிய வீராங்கனை? "எடுத்து அந்தப் பக்கம் வைம்மா. புத்தகத்துல அப்பிடித்தான் இருக்கு" என்றேன். தூ! இதை எழுதும்போதும் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போலிருக்கிறது. அவள் மாற்றி வைத்தாள். பாடம் முடிந்து கருப்பட்டியை நீட்டியபோது, "வேணாம் டீச்சர்" என்றாள்.

வேலை நிரந்தரமானது. அடுத்த தவணையில் அவள் அம்மாவோடு பள்ளி விடுகைப் பத்திரம் வாங்க வந்தாள். விலகும் காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தலைமை ஆசிரியரைக் கேட்டேன். "தாயகம் திரும்புதல்னு போடுங்க." போட்டேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அந்த அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கி என்னைக் கும்பிட்டாள். கப்பல் பிடிக்கத் தலைமன்னாருக்கு ரயிலேறிப் போனார்கள், அதற்குப் பிறகு ஒரு கடிதமும் இல்லை.

"இந்தச் சொல் இங்க வரக் கூடாது!" என்று நேற்று ரிஸ்மியாவிடம் சத்தம் போட்டேன். பாவம், மிரண்டு போனாள். "விடைத்தாள்ல அப்பிடித்தான் டீச்சர் இருக்கு" என்றாள்.

அந்த லயம் இப்போது இல்லை. கொக்கோவை வெட்டி, காணியைத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். அந்த வழியாக பஸ்ஸில் போனால் எந்த நெடியும் வருவதில்லை. பாக்கியத்துக்குப் பின்னால் ஒவ்வொருவராகப் போய், ஒரு வருஷத்தில் என் பின்வரிசையே காலியானது.

தாளைத் திருப்பிக் கொடுக்கும் முன் பேனையை எடுத்தேன். தாயகத்தை வெட்டிவிட்டு அழுத முகத்தின் கீழே எழுதினேன். மேலே, பெயர் என்று ஒரு கோடு விட்டிருந்தார்கள். அதில் பாக்கியம் என்று எழுதி, விடைக்குப் பக்கத்தில் சரி போட்டேன்.