அம்மாக்கிழமை

இங்கிலீஷைப் பெற்றெடுத்த நாட்டுக்காரர்களுக்கே ஒரு சொல்லில் சந்தேகம் வந்தால், அகராதியை ஓரமாகத் தள்ளிவிட்டு வாலுவின் அம்மாவுக்குத்தான் ஃபோன் போடுவார்கள். அம்மா வாயைத் திறந்தால் இலக்கணம் எழுந்து நின்று வணக்கம் வைக்கும். அம்மா தும்மினால்கூட அது இறந்தகாலமா நிகழ்காலமா என்று தெளிவாகத் தெரியும்.

இதெல்லாம் வாலு தன் பள்ளிக்கூடத்தில் அவிழ்த்துவிட்ட கதை. வீட்டுக்குள் வந்துவிட்டால் அவள் பாட்டே வேறு.

உள்ளது என்னவென்றால், அப்பாவின் வேலைக்காகக் கடல் தாண்டி வந்த அம்மா, சலவைக்கடைக்கு மேலே ஒரு நீள அறையில் அந்த ஊர்ப் பெரியவர்களுக்கு மாலை நேரத்தில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தாள். கீழே இயந்திரம் வேகமெடுத்தால் மேலே கரும்பலகை ஆடும். ஆடும்போது எழுதினால் ‘எஸ்’ நன்றாக வரும் என்பாள். வாலு பள்ளி விட்டதும் நேராக அங்கே போய், கடைசி பெஞ்சில் வீட்டுப்பாடம் எழுத வேண்டும். அதாவது, எழுதுகிற மாதிரி உட்கார்ந்து வயிறெரிய வேண்டும்.

எரியாமல் என்ன செய்யும்? முடி வெட்டும் அக்கா எழுந்து, “ஐ ஹேவ் டூ சிக்கன். ஒன் பாய், ஒன் கேர்ள்” என்றாள். அம்மா சிரிக்கவில்லை. கோழிக்கு இறக்கையடித்துக் காட்டி, குழந்தைக்குத் தாலாட்டிக் காட்டி, கடைசியில் கைதட்டவும் செய்தாள். இதே வாலு தமிழில் ஒரு ‘ழ’வைத் தவறவிட்டால் வீட்டில் என்ன கிடைக்கும்? முறைப்பு. அங்கே தப்புக்குத் தாலாட்டு, இங்கே தப்புக்குத் தலையில் குட்டு.

அதிலும் பஸ்காரர் இருக்கிறாரே, அவர்தான் செல்லப்பிள்ளை. ஊர் பஸ் ஓட்டுகிறவர், அம்மாவைவிடப் பத்து வயது பெரியவர். ‘எனக்கு அலுப்பாக இருக்கிறது’ என்று சொல்ல நினைத்து, ‘நான் ஒரு அறுவை’ என்று அர்த்தம் வருகிற மாதிரி “ஐ ஆம் போரிங்” என்பார். வாலு உடனே ஒத்துக்கொள்வாள், மனசுக்குள். அம்மாவோ ராத்திரி சாப்பாட்டில் அதையே சொல்லிச் சொல்லி, அப்பாவுக்குப் புரையேறுகிற வரை சிரிப்பாள். வாலு அன்றைக்குச் செய்த நல்ல குறும்பெல்லாம் சொல்ல இடமே இல்லாமல் ஆறிப்போகும்.

ஒருநாள் அம்மாவின் மேலதிகாரி வகுப்பைப் பார்க்க வந்தார். எதற்காக இங்கிலீஷ் படிக்கிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். முதல் பெஞ்சிலிருந்து கடைசி வரை ஒரே பதில்: “சிம்ப்ளி, சார்.” மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நம்முடைய ‘சும்மாதான்’ அம்மா வாயிலிருந்து அவர்கள் வாய்க்குப் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது, வேறொன்றுமில்லை. அன்றைக்கு வீட்டில் அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு, தான் சொல்லிக்கொடுக்காததைத்தான் எல்லாரும் நல்லாப் படிச்சிருக்காங்க என்றாள்.

இத்தனையையும் வாலு பொறுத்துக்கொண்டது சனிக்கிழமைக்காக. மற்ற மாலையெல்லாம் அம்மா ஊருக்குச் சொந்தம். ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் அழுக்குத்துணி மூட்டையும் பங்குக்கு வந்துவிடும். சனிக்கிழமை அப்பாவுக்கு வேலை, அம்மாவுக்கு லீவு. தலைக்கு எண்ணெய் வைத்து, பாய் போட்டுப் படுத்து, பக்கத்து வீட்டுக்காரர் நடக்கிற மாதிரி நடந்து காட்டி, மதியம்வரை சீப்பைக் கையில் வைத்துக்கொண்டே பேசுவார்கள். நாலு வயதில் வாலு அந்த நாளுக்கு ‘அம்மாக்கிழமை’ என்று பேர் வைத்தாள். இப்போதும் வீட்டில் அதுதான் பேர். ‘அம்மாக்கிழமை பால் சீக்கிரம் வாங்கணும்’ என்று அப்பாவே சொல்வார்.

அந்தச் சனிக்கிழமையில்தான் பஸ்காரர் கைவைத்தார். ஒரு சாயங்காலம் அம்மா வருவதற்கு முன்னால், தொப்பியைக் கையில் பிடித்தபடி கடைசி பெஞ்சுக்கு வந்து, ஊர்ப் பாஷையில் ரகசியமாகக் கேட்டார். எல்லோருக்கும் சனிக்கிழமையும் வகுப்பு வேண்டுமாம். அதைத் தமிழில் கேட்டால் டீச்சர் சந்தோஷப்படுவாராம். இத்தனை தூரம் வந்து நம் பாஷையைப் பேசுகிறவருக்கு, அவர் பாஷையில் ஒரு வாக்கியமாவது நாம் பேச வேண்டாமா என்றார்.

வாலுவுக்கு அவரை ஒரு நொடி பிடித்துக்கூடப் போய்விட்டது. ஆனால் வயிறு எரிகிறபோது மனசை யார் கவனிப்பது? ‘வாங்க’ என்று சொல்லிக்கொடுக்க வேண்டிய இடத்தில் ‘வராதீங்க’ என்று சொல்லிக்கொடுத்தாள். திருத்தித் திருத்தி, அம்மா மாதிரியே கைதட்டி, தேற்றி அனுப்பினாள்.

மறுநாள் காலையில் சிவப்பு விளக்கில் நின்ற பஸ்ஸுக்குள் அவர் உதடு அசைவதைப் பார்த்தாள். பார்க்காத மாதிரி நடந்தாள்.

சாயங்காலம் வகுப்பு முடிகிற நேரம் பஸ்காரர் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். “டீச்சர், அம்மாக்கிழமை வராதீங்க” என்று, ஒரு எழுத்துப் பிசகாமல், கும்பிட்டுச் சொன்னார். வகுப்பே கைதட்டியது. கீழே இயந்திரம் நின்றது.

அம்மா சுண்ணாம்புக்கட்டியைக் கீழே வைத்தாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று மெல்லக் கேட்டாள். பஸ்காரர் ஒரு நிமிடம் யோசித்தார். கடைசி பெஞ்சுப் பக்கம் திரும்பவே இல்லை.

“சிம்ப்ளி, டீச்சர்.”

அம்மா அவருக்கு நன்றி சொன்னாள். அழகாகப் பேசினீர்கள் என்றாள். பிறகு எல்லோரையும் பார்த்து, சனிக்கிழமை மட்டும் முடியாது, அன்றைக்கு ஏற்கெனவே ஒரு ஸ்டூடண்ட் இருக்கிறது, ரொம்ப வீக், விட்டால் கெட்டுப்போய்விடும் என்றாள்.

வாலுவுக்குத் திக்கென்றது. வீட்டுக்குத் தெரியாமல் அது யார் இன்னொரு ஸ்டூடண்ட்? பஸ்காரரே பரவாயில்லை போலிருந்தது. எல்லோரும் படியிறங்கிப் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள், அம்மா பலகையைத் துடைக்கும்போது பக்கத்தில் போய் நின்றாள்.

“யாரும்மா அது, சனிக்கிழமை வர்ற ஸ்டூடண்ட்?”

“அடடே, இப்ப மட்டும் சனிக்கிழமைன்னு சரியா வருதே” என்றாள் அம்மா, திரும்பாமலே. “வராதீங்கன்னு யார் வேணும்னாலும் சொல்லிக்கொடுக்கலாம்டி. அம்மாக்கிழமைன்னு சொல்லிக்கொடுக்க இந்த உலகத்துல ஒரே ஒரு கழுதைதான் இருக்கு.”