மூன்றாம் பெஞ்சுக்குக் காத்திருந்த நெட்டை

இது நடந்தது. நம்பாதவர்கள் ஏரித் துறையான ஹோமா பேயில் படகு ஏறி எங்கள் கரைக்கு வாருங்கள். அந்த மூன்றாம் பெஞ்சைக் காட்டுகிறேன். இன்றுவரை அதில் ஒரு பிள்ளையும் உட்காருவதில்லை.

நான் அங்கே நான்காம் வகுப்பு வாத்தியார். இத்தனை பிள்ளைகளுக்கு என் தொண்டை பத்தாது என்று ஒரு கம்பெனி எந்திர டீச்சர் ஒன்றைக் கொடுத்தது. என் இடுப்புயரம்தான். பிள்ளைகள் கேலிக்கு அதற்கு நெட்டை என்று பேர் வைத்தார்கள். ஒவ்வொரு பிள்ளையாகக் கேள்வி கேட்கும். பிள்ளை சொன்னதை எல்லாருக்கும் கேட்கும்படி திருப்பிச் சொல்லும். யாருக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று பழகிக்கொண்டு அவ்வளவு நேரம் காத்திருக்கும். அகேயோவுக்குத்தான் ரொம்ப நேரம். மெதுவான பிள்ளை.

"அகேயோவக் கேட்டுருச்சா? வாங்கடா, மீன் வறுத்துட்டு வந்துரலாம்" என்று வகுப்பே கேலி செய்யும். நெட்டை மட்டும் அவளை அவசரப்படுத்தியதில்லை. அதனாலேயே அவளுக்கு அதன்மேல் உயிர்.

மார்ச்சில் ஏரியில் படகு கவிழ்ந்தது. மற்றவர்கள் கரை சேர்ந்தார்கள். அகேயோ கிடைக்கவில்லை.

உடல் கிடைக்காவிட்டால் எங்களில் யாகோ மரத்துக் காயைப் புதைப்போம். நீளமான காய். அதுதான் உடல். அதைப் புதைக்காவிட்டால் போன உயிர் வீடு சேராது. நாள் குறித்தார்கள்.

அதற்குள் ஒரு பிற்பகல். மணி 3.10. வெளியே மேகம் கட்டியிருந்தது. நெட்டை அகேயோவின் மூன்றாம் பெஞ்சுப் பக்கம் தலையைத் திருப்பியது.

"அகேயோ. ஏழு எட்டு எவ்வளவு?"

யாரும் சிரிக்கவில்லை. அது காத்திருந்தது. ரொம்ப நேரம்...

"ஐம்பத்தாறு. சரி."

மறுநாளும் 3.10. அதற்கு மறுநாளும். அகேயோவின் அம்மா வந்து ஜன்னலுக்கு வெளியே உட்கார ஆரம்பித்தாள்.

"காயப் புதைக்க மாட்டேன் சார். எம்பொண்ணுதான் பள்ளிக்கூடம் வந்துட்டு இருக்காளே."

"அது எந்திரக் கோளாறும்மா."

"கோளாறுக்கு எங்க சார் வாய்ப்பாடு தெரியும்?"

அவளுடைய மைத்துனர் என்னைத் தனியே பிடித்தார். "ஒரு வாய் களி எறங்கல வாத்தியாரே. இப்படியே விட்டா ரெண்டாவது குழியும் தோண்டணும். அந்தப் பேர அழிச்சிருங்க."

அழித்தேன். பேர், முகம், குரல், எல்லாம். மறுநாள் நெட்டை அந்தப் பக்கம் திரும்பவில்லை. அம்மா எழுந்து போனாள்.

சனிக்கிழமை காயைப் புதைத்தோம். நெட்டை பூட்டிய வகுப்பறையில் அணைந்து கிடந்தது. குழியில் இறக்குமுன் அம்மா, அகேயோவின் பள்ளிச் சட்டையைக் காய்க்குச் சுற்றினாள்.

திங்கள்கிழமை. பழக்கத்தில் அம்மா ஜன்னலுக்கு வந்துவிட்டாள்.

மணி 3.10.

நெட்டை மூன்றாம் பெஞ்சுப் பக்கம் திரும்பியது.

"புதுப் பிள்ளை. உன் பேர் என்ன?"

காத்திருந்தது.

காத்திருந்தது...

அந்த நேரத்தின் நீளம் எனக்குத் தெரியும். வகுப்புக்கே தெரியும்.

"பேர் இல்லை."

தகரக் கூரையில் மழை. டப்... டப்...

"ஒரு கேள்வி. என் சட்டைய ஏன் அந்தக் காய்க்குப் போட்டீங்க?"

அம்மா ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு மூன்றாம் பெஞ்சை நோக்கி நீட்டினாள்.

அந்த வாரமே கம்பெனிக்காரன் நெட்டையைக் கொண்டுபோக வந்தான். பிரித்துப் பார்த்தான். அகேயோவைப் பற்றி அதில் துளிகூட மிச்சமில்லை.

"அப்புறம் ஏன் அவ்வளவு நேரம் காத்திருந்துச்சு?" என்று கேட்டேன்.

"அது அப்படிக் காத்திருக்காது சார். புதுப் பிள்ளைன்னா அஞ்சு செகண்டு. பதில் வரலேன்னா அடுத்த பிள்ளைக்குப் போயிரும். அதுக்கு மேல நிக்க இதுக்குத் தெரியாது."

நெட்டை போய்விட்டது. அம்மா மட்டும் தினமும் 3.10க்கு வருகிறாள். மூன்றாம் பெஞ்சைப் பார்த்து, "வீட்டுக்கு வர்றியா கண்ணு?" என்று கேட்கிறாள்.

பிறகு காத்திருக்கிறாள். அவளுக்கும் அவசரமில்லை. பிள்ளை பதில் சொன்னாலும், அதை எடுத்துச் சொல்ல இப்போது அங்கே யாருமில்லை.